கடலோர ஊருக்கு ஒரு நூலகம்

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பிற்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. கடலோர ஊர் ஒன்றிற்குப் பொது நூலகமும் கலையரங்கமும் வரைந்து காட்ட வேண்டும். தாம்பரத்தில் வாழும் எங்களுக்குக் கடல் என்றாலே விடுமுறைதான். ஆகவே கடலைப் பார்த்தபடி பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல்களாக வரைந்து மகிழ்ந்தோம். சிஸ்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "சன்னல் உங்களுக்கு, சரி. புத்தகங்களுக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் தாள்களில் பூஞ்சணம் பிடிக்கும். இரும்பு அலமாரியும், காங்கிரீட்டினுள் இருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும். வெயில் நேரே பட்டால் தாள் பழுத்து நொறுங்கும். எனவே அகன்ற தாழ்வாரமும் காற்றோட்டமும் வேண்டும். அலமாரிகளைச் சன்னல் சுவருக்குக் குறுக்காக நிறுத்தினால்தான் இடைவழிகளில் வெளிச்சம் புகும். அழித்து அழித்து வரைந்ததில் எங்கள் ரப்பர்கள் தேய்ந்தன.

பிறகு யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் படித்தோம். கடல்நீரேரிக் கரையில் அமைந்த நகரம் அது. 1933-இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934-இல் ஒரு வாடகை அறையில் 844 நூல்களுடன் நூலகம் உருவாயிற்று. புதிய கட்டடத்திற்காக முன்னின்று உழைத்தவர்களுள் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபர் லோங் அடிகளாரும் ஒருவர். 1954-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வரைபடம் தந்த நரசிம்மன் நம் சென்னையைச் சேர்ந்தவர். ஆலோசனை கூறிய எஸ். ஆர். அரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது அரங்கநாதனின் ஐந்தாம் விதி. அவ்வாறே 1959-இல் திறக்கப்பட்ட நூலகத்தில் சிறுவர் பகுதி 1967-இலும், அரங்கம் 1971-இலும் சேர்ந்தன. நாங்களோ முதல் நாளே எல்லாவற்றையும் கட்டி முடித்து, ஓரடி நிலமும் மிச்சம் வைக்காமல் வரைந்திருந்தோம்!

1981 மே 31 இரவு அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்பர். இதைப் படித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை.

வெண்ணிறக் கட்டடம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்தது. அதன் அருகில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட பண்பாட்டு மையம் 2022-இல் திறந்துவைக்கப்பட்டது. அதில் அருங்காட்சியகமும் பெரிய அரங்கமும் உள்ளன. ஆனால் படி எடுக்கப்படாத சுவடியை எந்தக் கொத்தனாரும் திரும்பக் கட்ட இயலாது. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துச் சேமித்து வருவதை அறிந்து ஆறுதல் கொண்டோம்.

எங்கள் வரைபடத்தில் இப்போது கண்ணாடிச் சன்னல்கள் குறைந்துவிட்டன. கிழக்கே வெற்றிடம் விட்டிருக்கிறோம். ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு படி எடுத்து, கடலுக்கு எட்டாத வேறோர் ஊரில் வைப்பது என்றும் எழுதிச் சேர்த்தோம். அது எந்த ஊர் என்பதில்தான் இன்னும் தகராறு. தாம்பரம் என்கிறோம் நாங்கள். குரோம்பேட்டைத் தோழிகள் ஒப்பவில்லை.