ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பா, தாப்பாவா?

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அங்குள்ள தொழிற்பேட்டையில் 12 மணி நேர ஷிஃப்ட் வேலை. கணவருக்கு வயது 42, பூலாவ் இண்டா துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர், இனிப்பு நீர் உள்ள மாமியார். வாரத்தில் பாதி நாள் இரவுச் சாப்பாடு தாப்பாவ்தான். “வீட்டுச் சாப்பாடுதான் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நிற்கவே தெம்பில்லாதபோது எப்படிச் சமைப்பது? துரித உணவை எவ்வளவு குறைத்தால் போதும்?” என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, கேள்வியிலேயே ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். துரித உணவு என்றதும் கோழி வறுவலும் பர்கரும்தான் உங்கள் நினைவுக்கு வந்திருக்கின்றன. ஏ அண்ட் டபிள்யூ 1963இலும், கே.எஃப்.சி. 1973இலும், மெக்டோனல்ட்ஸ் 1982இலும் இந்த நாட்டில் கடை திறந்தன. அன்றிலிருந்து துரித உணவு என்றாலே அந்த விளம்பரப் பலகைகள்தான். ஆனால் உங்கள் கணக்குப்படியே அங்கே போவது சம்பளம் வந்த வாரத்தில் மட்டும். மற்ற நாள்களில் மாமாக் கடை, ரோட்டோர பர்கர் தள்ளுவண்டி, பாசார் மாலாம். இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்ம ஊர்ச் சாப்பாடு என்ற பெயரில் தப்பித்துக்கொள்கின்றன.

ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கும். மாவிலும் கல்லிலும் போகிற கொழுப்புதான் அந்த மொறுமொறுப்பு. யாரும் ஒன்றோடு எழுந்திருப்பதில்லை. கூடவே ஒரு தே தாரிக். அதில் 40 கிராம் கட்டிப்பால் ஊற்றினால், 20 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போய்விட்டது. கலோரியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு அந்தப் பாதி 25 கிராம். காலையில் ஒரு கிளாஸ், டீ பிரேக்கில் ஒன்று, லாரியை நிறுத்தும்போது ஒன்று. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது சாப்பாட்டை அல்ல, குடிப்பதை. இதற்கு நேரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். “அண்ணே, தே ஓ கோசோங்” என்று கேட்டால் போதும், விலையும் குறையும். எடுத்த எடுப்பில் முடியாவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்குக் கூராங் மானிஸ் என்று கேளுங்கள், நாக்கு பழகிவிடும். பாட்டில் பானங்களில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அரசாங்கம் 2019 ஜூலை முதல் வரி வசூலிக்கிறது. கடையில் கலக்கித் தரும் தேநீருக்கு அந்த வரி இல்லை. அதைக் கவனித்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். உங்கள் வீட்டில் மாமியாருக்கு இருக்கிறது என்றால் உங்கள் கணவருக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். அம்மாவின் நோய் மகனுக்கு வரத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிற விஷயமல்ல, தள்ளிப்போடவும் தவிர்க்கவும் முடிகிற நோய் அது.

வீட்டுச் சாப்பாடுதான் நல்லது என்று சொல்கிறவர்களிடம் நான் முழுக்க ஒத்துப்போவதில்லை. மலைபோல் வெள்ளைச் சோறு, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிய கறி, பொரித்த கருவாடு, ஓரத்தில் இரண்டு கரண்டி முட்டைக்கோஸ். இதுவும் வீட்டுச் சாப்பாடுதான். தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்களும், முதுகொடியக் குலை சுமந்தவர்களும் அந்தச் சோற்றை வேலையில் எரித்துவிட்டார்கள். கேரித் தீவிலும் பந்திங் பக்கமும் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களில் வேலை மாறியது, தட்டு மாறவில்லை. லாரியில் உட்கார்ந்தே இருப்பவருக்கும் மெஷின் முன்னால் நின்றே இருப்பவருக்கும் அந்த அளவுச் சோறு தேவையில்லை.

சுகாதார அமைச்சு “சுக்கு சுக்கு செபாரோ” என்று ஒரு வழி சொல்கிறது. தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, மீதி அரைப் பாகம் காய்கறியும் பழமும். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அரசாங்கச் சுவரொட்டிகளில் உருப்படியானது இது. கிராம் பார்க்க வேண்டாம், தராசும் வேண்டாம். மாமியாரின் தட்டில் முதலில் காயை வையுங்கள், கடைசியில் சோற்றை. சோறு முதலில் விழுந்தால் காய்க்கு இடமே இருக்காது.

இனி பணம். வெளியில் ஒருவேளைக்கு ஆளுக்கு 10 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். நீங்களும் கணவரும் 26 வேலை நாளில் ஒருவேளை மட்டும் வெளியில் சாப்பிட்டால் 520 வெள்ளி. 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு வாங்குவது தனி. 10 கிலோ உள்நாட்டு வெள்ளை அரிசியின் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி, அதாவது ஒருவர் ஒருவேளைக்கு வடிக்கிற 100 கிராம் அரிசி 26 காசு. கூட ஒரு முட்டை, ஒரு துண்டு தெம்பே, ஒரு கட்டு கங்கோங். தெம்பேயை நம் வீடுகளில் இன்னும் மலாய்க்காரர் சாப்பாடு என்று ஒதுக்குகிறோம். 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம் உள்ள, இவ்வளவு மலிவான பொருள் சந்தையில் குறைவு. சாம்பாரில் போட்டுப் பாருங்கள்.

நேரத்துக்கு வருவோம். ஷிஃப்ட் முடிந்து வந்து வெங்காயம் உரிக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் ஓய்வு நாளில் ஒன்றரை மணி நேரம் அடுப்பைப் பற்றவைத்து இரண்டே வேலைகளை முடியுங்கள். ஒன்று, வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, மசாலா சேர்த்துக் கறிக்கான கூட்டை எண்ணெய் அதிகமில்லாமல் வதக்கி, ஆறவைத்து நான்கு டப்பாவில் உறையவையுங்கள். இன்னொன்று, பருப்பைக் குக்கரில் வேகவைத்து அதேபோல் பங்கிட்டு உறையவையுங்கள். மற்ற நாளில் ஒரு டப்பாவை எடுத்துப் புளித் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, சுத்தம் செய்த கெம்போங் மீனைப் போட்டால் மீன் குழம்பு. சோறு வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். பருப்பு டப்பாவில் சாவி கீரையைப் போட்டால் இன்னொரு நாள் ஓடிவிடும். சார்டின் டின்னும் முட்டையும் அவசரத்துக்கு. வாரத்தில் நான்கு நாள் இப்படி ஓடினால் போதும், ஏழு நாளும் சமைக்க வேண்டும் என்ற குற்ற உணர்வை விடுங்கள். இன்ஸ்டன்ட் மீயை மட்டும் இந்த அவசரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தத் தூள் பாக்கெட்டை முழுக்கக் கொட்டினால், ஒரு நாளைக்குரிய உப்பில் பாதிக்கு மேல் அந்தக் கிண்ணத்திலேயே போய்விடலாம்.

அரிசியைக் கழுவிப் போட்டு ரைஸ் குக்கர் பொத்தானை அழுத்துவது உங்கள் கணவரும் பெரிய பிள்ளையும் செய்யக்கூடிய வேலை. கண்டெய்னர் லாரியைப் பின்பக்கமாக எடுத்துச் சரியாக நிறுத்துகிறவருக்கு இது முடியாது என்று நான் நம்பத் தயாரில்லை. இந்தக் குடும்பத்தின் சாப்பாட்டுப் பிரச்சினையில் பாதி, அடுப்படி உங்கள் ஒருவர் தலையில் விழுந்திருப்பதுதான்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதில் ஒரு எச்சரிக்கை. காலை ஐந்து மணிக்குச் சமைத்துக் கட்டி, மதியம் ஒரு மணிக்குத் திறந்தால் எட்டு மணி நேரம். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. நம்முடைய வெயிலில், தேங்காய்ப்பால் கறி அதற்கும் முன்பே கெட ஆரம்பிக்கும். சோறும் அப்படித்தான். வெந்த சோற்றிலும் பிழைத்திருக்கிற ஒரு வகை கிருமி, சோறு வெளியில் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போகாது. தொழிற்சாலையில் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இருந்தால் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்த சாப்பாட்டைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள். இல்லையென்றால் கேன்டீனில் சாப்பிடுவதே மேல். லாரியின் டேஷ்போர்டில் வெயில் பட வைத்த சோற்றுப் பொட்டலத்தைவிட நாசி சம்பூர் கடை பாதுகாப்பு.

நாசி சம்பூர் கடையைப் பற்றி நல்லதாகவே சொல்வேன். தட்டில் எது விழ வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்கிற கடை அது. சோறு பாதி, இரண்டு வகைக் காய், பொரிக்காத மீன் ஒன்று, குவா தனியாக. எல்லாக் குழம்பையும் ஊற்றிச் சோற்றை மூழ்கடிக்கிற பழக்கத்தில்தான் எண்ணெயும் உப்பும் சேர்கின்றன. மாமாக் கடைக்குப் போனால் சப்பாத்தியும் பருப்பும், அல்லது தோசை. வாழையிலைக் கடையில் சோறு கேட்கக் கேட்கப் போடுவார்கள், கையை மறித்துக் காட்டுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பர்கர் கடையில் தனி பர்கர் மட்டும் வாங்குங்கள். செட்டாக வாங்கும்போது கூட வருகிற உருளைக்கிழங்கும் கோலாவும்தான் பர்கரை ஒரு பெரிய சாப்பாடாக்குகின்றன. பிள்ளைகளுக்கு அந்தக் கடையை அடியோடு மறுக்க வேண்டாம். சம்பள வாரத்தில் ஒரு நாள் என்று இருப்பது அப்படியே இருக்கட்டும். நல்ல மார்க் வாங்கினால் கோழி வறுவல் என்று பரிசாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

இரவு ஷிஃப்ட் வாரம்தான் கடினம். உடம்பு இரவில் சர்க்கரையைப் பகலைப் போல் சமாளிப்பதில்லை. வேலைக்குப் போகும் முன்பே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நடு இரவில் அவித்த முட்டை, பழம், ஒரு கைப்பிடி கச்சான் போதும். காலை ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுப் படுப்பதை முதலில் நிறுத்துங்கள். மாமியாரின் சோற்றைக் குறைக்கும்போது மருந்தையும் கவனிக்க வேண்டும். சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் வரலாம். அடுத்த முறை கிளினிக்குக் கூட்டிப் போகும்போது தட்டை மாற்றப் போவதை டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவர் ஒரு முறையாவது ரத்தத்தில் சர்க்கரை பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். 40 வயதைத் தாண்டிய எஸ்.டி.ஆர். உதவி பெறுபவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அவருடைய அடுத்த ஓய்வு நாளில், காலையில் எதுவும் சாப்பிடாமல், தே தாரிக்கும் குடிக்காமல் அழைத்துப் போங்கள்.