மலையேறப் போகும் சைக்கிளுக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை அலுப்பில்லாமல் போய்வருகிறவர்கள்கூட ஏலகிரியின் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளுவதுண்டு. காலில் பலம் குறைவு என்பதல்ல காரணம். சமவெளியில் மிதித்த மாதிரியே மேட்டிலும் மிதிக்கிறார்கள்.

1. எடுத்த எடுப்பில் கொல்லிமலை வேண்டாம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஜோலார்பேட்டை பக்கத்து ஏலகிரியில் 14தான். அடுத்ததாக, சேலத்திலிருந்து ஏற்காடு: 20 வளைவுகள், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்.

2. முன்பக்கம் சின்னப் பல்சக்கரம், பின்பக்கம் பெரியது: மேட்டுக்கு இதுதான் கியர். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் புதியவர்களும் சமாளிக்கலாம். பின்னால் 25 பல்லோடு நிற்கிற சைக்கிள் என்றால், பெரியது பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

3. மேடு கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்துவிடுங்கள். முழுப் பலத்தோடு அழுத்தியபடி மாற்றினால் செயின் கடகடக்கும், சில சமயம் கழன்றும் விழும். ஏற்கெனவே மேட்டில் மாட்டிக்கொண்டீர்களா? இரண்டு சுற்று வேகமாக மிதித்து, காலை லேசாகத் தளர்த்தி, அந்த நொடியில் மாற்றுங்கள்.

4. முதல் இரண்டு கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். அடிவாரத்தில் உடம்பு புதிதாக இருப்பதால் வேகம் தானாக வந்துவிடுகிறது. கூட வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சு இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் நல்லது. கால் திணறித் திணறிச் சுற்றினால் சுமை முழுக்க முட்டிக்குப் போகும்.

5. ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் உள்ஓரம்தான் மிகச் செங்குத்து. நாம் இடது ஓரமாகப் போவதால் அது நம் தலையில்தான் விழும். வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறையுங்கள். வலப்பக்க வளைவுகளில் நமக்கு வெளிஓரம் கிடைக்கும்; மூச்சு வாங்கிக்கொள்ள அதுவே இடம்.

6. சீட்டில் உட்கார்ந்தே ஏறுங்கள். எழுந்து நின்று மிதிப்பது முதுகுக்கு ஒரு மாறுதல், அவ்வளவுதான். சில நொடி போதும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

7. ஊரில் மேடே இல்லையா? எதிர்காற்றில் அரை மணி நேரம் மிதியுங்கள். விடியற்காலையில் மேம்பாலத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கலாம்.

8. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். கடலைமிட்டாயும் வாழைப்பழமும் போதும். ஆனால் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் விடாது.

9. உண்மையான ஆபத்து இறக்கத்தில்தான். பிரேக் கட்டைகளைக் கிளம்புமுன் பாருங்கள். தேய்ந்திருந்தால் அன்றைக்குப் பயணமே வேண்டாம். வழி நெடுக பிரேக்கைப் பிடித்தபடி வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, திரும்புங்கள். கண் முன்சக்கரத்தில் இல்லாமல், வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும். மேலேறி வரும் பேருந்துக்கு வழி விடுங்கள்.

10. உச்சியில் வியர்வையோடு உடனே இறங்கினால் விரல் விறைத்து பிரேக்கைப் பிடிக்க முடியாது. மெல்லிய ஜாக்கெட் இல்லையென்றால் டீக்கடையில் ஒரு பழைய செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள்.