மழித்தலும் முளைத்தலும்

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளுவதும், கிள்ளை தர்காவைச் சார்ந்த இசுலாமியப் பெருமக்கள் அவ்வூர்வலத்தை வரவேற்று மரியாதை செய்வதும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தார் நன்கறிந்த செய்தியாகும். இவ்விரு சமயத்தாரிடையேயும் பொதுவாக விளங்கும் மற்றொரு வழக்கமும் உண்டு. அஃது அத்துணைப் பேசப்படுவதில்லை. பிறந்த குழந்தையின் தலைமுடியை இரு சாராரும் மழிக்கின்றனர். ஒருவர் குலதெய்வத்தின் திருமுன் முடிகாணிக்கை செலுத்துகின்றனர். மற்றவர் ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, களைந்த முடியின் எடைக்கு எடை வெள்ளியை ஏழைகளுக்கு ஈகின்றனர்.

இவ்வழக்கங்களுக்குச் சமயங்கள் கூறும் காரணம் நேர்ச்சையும் நன்றியும் ஈகையுமே ஆகும். முடி செழித்து வளரும் என்பது அவற்றுள் ஒன்றன்று. ஆயினும் மொட்டைத் தலையில் சந்தனம் தடவும் பாட்டிமார், எச்சமயத்தினராயினும், "இனிமேல் முடி கருகருவென்று அடர்த்தியாக வளரும்" என்றே கூறக் கேட்கிறோம். முதல் மொட்டையில் முடி மெலிதாக வந்தால் மூன்றாம் வயதில் மறுமொட்டை, அதுவும் போதாதெனின் ஐந்தாம் வயதில் இன்னொன்று. அரும்பு மீசை தோன்றாத மாணவன் சவரக்கத்தியைத் தேடுவதும், முகத்தில் சிறு மயிர் தோன்றிய மாணவி அதே கத்தியை அஞ்சி விலக்குவதும் இந்த ஒரே நம்பிக்கையின் இரு விளைவுகள். இந்நம்பிக்கை மெய்தானா என்பதை ஈண்டு ஆராய முற்படுகிறோம். வழக்கத்தை ஆராய்வது எம் நோக்கமன்று. அதன்மேல் பின்னாளில் ஏறிய நம்பிக்கையை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

சொல் காட்டும் வழி

தமிழ்த்துறை மாணவர்க்கு இவ்வாராய்ச்சியின் திறவுகோல் சொல்லிலேயே கிடைக்கிறது. முடியைக் களைதலுக்குத் தமிழில் ஒரு சொல் அன்று, பல உள. மழித்தல், சிரைத்தல், கத்தரித்தல் என்பன தோலுக்கு மேலே நிகழ்வன. பறித்தல் என்பது வேரோடு நிகழ்வது. இவ்வேறுபாடு நம் மாவட்டத்து வரலாற்றோடும் தொடர்புடையது. சமண முனிவர்கள் தலைமயிரை மழிக்காமல் கையால் பறித்து நீக்கினர். திருவாமூரில் பிறந்த நாவுக்கரசர், தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் தலைமை பூண்டிருந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அப்பாடலிபுரமே இன்று கடலூரின் ஒரு பகுதியாக விளங்கும் திருப்பாதிரிப்புலியூர். மழித்தார் தலையும் பறித்தார் தலையும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம். தோலுக்கடியில் இரண்டும் வெவ்வேறு. (இடையே ஒன்று: 'மயிர்' என்னும் சொல்லை இன்று வசையெனக் கொண்டு நாணுகின்றோம். வள்ளுவர் நாணவில்லை. இக்கட்டுரையில் யாமும் நாணப்போவதில்லை.)

முருங்கையும் மயிரும்

இந்நம்பிக்கை எங்கிருந்து பிறந்திருக்கும்? வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பிறந்திருக்கும் என்பது எம் கருத்து. ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் முருங்கையின் தலையை வெட்டிவிட்டால் பக்கத்தில் பல கிளைகள் வெடித்துக் கிளம்புவதைக் காணாதவர் இலர். கரும்பை அடியோடு வெட்டியபின் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு தழைக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்று கண்டவர்கள், முடிக்கும் அதுவே விதியென எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் முருங்கைக் கிளை உயிருள்ளது. அதன் கணுக்கள்தோறும் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. நுனியை வெட்டியதும் அடக்குவார் இன்றி மொட்டுகள் விழித்தெழுகின்றன. கரும்புக் கட்டையிலும் மண்ணுக்கடியில் பருக்கள் காத்திருக்கின்றன.

மயிரில் கணுவுமில்லை, மொட்டுமில்லை. தோலுக்கு மேலே நாம் காணும் தண்டு கெரட்டின் என்னும் புரதத்தாலான, உயிரற்ற நார். நகத்தின் நுனியை வெட்டும்போது வலியில்லாதது போலவே மயிரை வெட்டும்போதும் வலியில்லை. உயிர் இருக்குமிடம் தோலுக்கடியிலுள்ள மயிர்க்கால். அதன் அடிக்குமிழில் உயிரணுக்கள் பெருகி, மேல்நோக்கித் தள்ளப்பட்டு, இறுகி, இறந்து மயிராகின்றன. சவரக்கத்தி தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. மேலே தண்டு வெட்டப்பட்டதென்ற செய்தியைக் கீழேயுள்ள குமிழுக்கு எடுத்துச் செல்ல அத்தண்டில் நரம்பும் இல்லை, குருதியும் இல்லை.

மயிர்க்கால்களின் எண்ணிக்கையும் கருவறையிலேயே முடிவாகிவிடுகிறது. தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்கள் உள்ளன. பிறந்தபின் புதியன தோன்றுவதில்லை என்பதே பொது விதி. தலைமயிர் ஒரு திங்களில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். ஒவ்வொரு மயிர்க்காலும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ச்சிப் பருவத்தில் இருந்து, சில வாரங்கள் சுருங்கி, ஏறத்தாழ மூன்று திங்கள் ஓய்ந்து, பழைய மயிரை உதிர்த்துப் புதியதைத் தொடங்கும். புருவமயிருக்கு வளர்ச்சிப் பருவம் சில திங்களே. எனவேதான் புருவத்தை எவரும் பின்னலிட வேண்டியதில்லை.

அளந்து பார்த்தவர்கள்

தருக்கம் மட்டும் போதாது; அளவையும் வேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928இல் ஆடவர் முகமயிரை ஆராய்ந்து, சவரத்தால் அதன் பருமனோ வளர்ச்சி வேகமோ மாறவில்லை எனக் கண்டார். எலும்பின் நீளத்தைக் கொண்டு மாண்டவரின் உயரத்தைக் கணக்கிடும் முறையால் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவரும் இவரே.

1970இல் லின்ஃபீல்டு, மக்வில்லியம்ஸ் என்னும் இருவர் செய்த சோதனை எளிமையால் எம்மைக் கவர்கிறது. நலமுள்ள இளைஞர் ஐவரின் ஒரு காலை வாரந்தோறும் சில திங்கள் மழித்தனர். மறுகாலை அப்படியே விட்டனர். ஒரே மனிதர், ஒரே உணவு, ஒரே குருதி. மாறியது கத்தி ஒன்றே. விளைந்த மயிரின் எடையிலும் பருமனிலும் வளர்ச்சி வேகத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஐவர் என்பது சிறு எண்ணிக்கை என்று வாதிடலாம், அவ்வாதம் நியாயமே. ஆயினும் இம்முடிவு மயிரின் அமைப்பு கூறுவதோடு முழுதும் ஒத்துப்போகிறது. திருமலையில் பலமுறை முடியிறக்கியோருள்ளும், ஹஜ்ஜும் உம்ராவும் பலமுறை நிறைவேற்றித் தலை மழித்தோருள்ளும் வழுக்கைத் தலையர் எத்தனை பேர் என்று அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கண் ஏன் ஏமாறுகிறது

அவ்வாறாயின் மழித்த கன்னம் சொரசொரப்பதேன்? தொட்டுணர்வது பொய்யன்று; காரணங் கூறுவதே பிழை. இயல்பாக வளர்ந்த மயிரின் நுனி ஊசிபோல் மெலிந்திருக்கும். கத்தி அதனைத் தடித்த இடத்தில் வெட்டுவதால் மொண்ணையான விளிம்பு வெளிவருகிறது. மேலும், நீண்ட மூங்கில் வளையும். அதே மூங்கிலில் ஒரு சாண் துண்டு வளையாது. ஒரு கம்பியின் நீளம் பாதியானால் அதன் நுனியை அதே அளவு வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும் என்பது இயற்பியல். இரண்டு மில்லிமீட்டர் மயிர் முள்ளாகக் குத்துவது இதனாலேயே. வெயிலும் எண்ணெயும் சோப்பும் இன்னும் நிறம் குறைக்காததால் புதுமயிர் கறுப்பாகவும் தோன்றும். சில வாரங்கள் பொறுத்தால் இம்மூன்றும் மறைந்துபோகும். பொறுப்பார்தாம் இல்லை.

குழந்தை மொட்டையில் ஏமாற்றுவது காலம். பிறவி மயிர் மெல்லியது. பிறந்த சில திங்களுக்குள் அது தானாகவே உதிரத் தொடங்கும். பிடரியில் வழுக்கைபோல் ஒரு திட்டுகூடத் தோன்றும். அதன்பின் ஓரிரண்டு ஆண்டுகளில் பருத்த மயிர் வருகிறது. நாம் மொட்டையடிக்கும் வயதும் அதுவே. விடியும் நேரத்தில் கூவும் சேவலே விடியலைக் கொணர்ந்தது என்பது போலாகிறது நம் முடிபு. மீசையின் கதையும் இதுவே. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்மை இயக்குநீர் சுரக்க, மேலுதட்டுப் பூனைமயிர் ஆண்டுக்காண்டு தடிக்கிறது. சவரம் தொடங்குவதும் அவ்வயதிலேயே. கத்தி தொடாத பையனின் மீசையும் தடித்தே வந்தது. அதைக் கணக்கில் கொண்டவர் இலர்.

மெய்யாகவே மயிரை மாற்றுவன

முதலிடம் இயக்குநீருக்கு. விதை நீக்கப்பட்ட ஆடவரை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமெய்து முன்னரே அவ்வாறு ஆனோர்க்கு வழுக்கை விழுவதில்லை என 1942இல் காட்டினார். முகத்தில் மயிரை வளர்க்கும் அதே இயக்குநீர் உச்சந்தலையில் அதனை மெலிவிக்கிறது என்பது இயற்கையின் விந்தை. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட கையில், கட்டவிழ்த்தபின் மயிர் மிகுந்து காணப்படுவதும் உண்டு. முகமயிரை நீக்கச் செய்யும் லேசர் சிகிச்சைகூடச் சிலருக்கு அருகில் புதுமயிரைத் தூண்டிவிடுகிறது. பறித்தலோ வேரையே தாக்குகிறது. நெடுங்காலம் பறித்தால் மயிர்க்கால் சிதையலாம். எலிகளில் குறித்த நெருக்கத்தில் 200 மயிர்களைப் பறித்தபோது 1,200 வரை முளைத்ததாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பறிக்கப்படாமல் அருகே ஓய்ந்திருந்த மயிர்க்கால்களும் உடன் விழித்தமையே காரணம். இவையனைத்தும் தோலுக்கடியில் நிகழ்வன. மழித்தல் இவ்வரிசையில் சேராது.

நம்பிக்கையின் விலை

மொட்டை அடிப்பதால் குழந்தைக்குக் கேடில்லையே, நம்பிவிட்டுப் போகட்டும் எனலாம். ஆனால் தாடையிலும் மேலுதட்டிலும் கருமயிர் தோன்றிய கல்லூரிப் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவள் ஒருமுறை கத்தி வைத்திருந்தால், "நீ சிரைத்ததால்தான் வந்தது" என்று வீடு பழிசாற்றுகிறது. அப்பழியை அவளும் நம்பி, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். மாதவிலக்கு முறைதவறுவதும் முகத்தில் மயிர் தடிப்பதும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாற்றின் அறிகுறிகளாகலாம். அது மருத்துவரிடம் காட்டிச் சோதித்தறிய வேண்டியது. கத்தியின் மேல் பழி போட்டதால் ஆண்டுகள் கழிகின்றன. பிள்ளைப்பேறு தாமதமான பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். மழித்தால் பெருகும் என்றஞ்சி, நாள்தோறும் பறித்தும் காரக் களிம்பு பூசியும் முகம் புண்ணாகிக் கருத்துப்போனோரும் உளர். அவர்கள் மழித்திருந்தால் மயிர் கூடியிராது.

தலையில் வட்டமாக முடி உதிர்ந்த சிறுவனின் நிலையும் இத்தகையதே. பார்த்தவுடன் மொட்டையடிக்கச் சொல்கிறோம். அது புழுவெட்டாயின் உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. பலருக்குத் தானே மீள்கிறது. அப்புகழை மொட்டை பெற்றுக்கொள்கிறது. செதில் உதிர்ந்து அரிப்பெடுத்தால் அது படர்தாமரையாகலாம். தலைப் படர்தாமரைக்கு மேற்பூச்சு மட்டும் போதாது. சில வாரங்கள் உட்கொள்ளும் மருந்தும் வேண்டும். அச்சிறுவனின் தலையில் ஓடிய கத்தி அடுத்த குழந்தையின் தலைக்குப் போனால் நோயும் உடன் போகும். கத்தி தோலைக் கீறியிருந்தால் குருதிவழிப் பரவும் மஞ்சட்காமாலையும் போகக்கூடும். எனவே கோயில் முடிக்கொட்டகையிலாயினும் வீட்டுத் திண்ணையிலாயினும், உறையிலிருந்து புதிய பிளேடை நம் கண்முன் பிரித்துப் போடுமாறு முடிதிருத்துவோரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். குழந்தையின் உச்சிக்குழி மூடாதிருப்பின் அவ்விடத்தில் கையழுத்தம் குறைக்கச் சொல்வதும் தாயின் உரிமை.