நமக்கு நாமே கேட்கும் கேள்வி

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, கியாமத் நாள் எப்போது வரும் என்று கேட்டார். நபியவர்கள் நாளைச் சொல்லவில்லை. அதற்காக நீ என்ன தயார் செய்து வைத்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார்கள். தொழுகை, நோன்பு, தர்மம் என்று என்னிடம் அதிகம் இல்லை, ஆனால் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிக்கிறேன் என்றார் அவர். நீ நேசிப்பவர்களோடு இருப்பாய் என்று நபியவர்கள் நற்செய்தி சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

கவனியுங்கள். "எப்போது?" என்பதற்கு எந்த மனிதரிடமும் விடை இல்லை. "என்ன தயார் செய்தாய்?" என்பதற்கு விடை அவரிடமே இருந்தது. கேள்வி மாறியது; அவர் தன் உள்ளத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

நம் நிலை என்ன? வியாபாரத்தில் நஷ்டம், வீட்டில் நோய், பிள்ளைக்கு வேலை இல்லை. உடனே மனம், "எனக்கு மட்டும் ஏன் இப்படி? அன்று வேறு மாதிரி செய்திருந்தால்?" என்று கேட்கிறது. நமக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள்ளவும், அல்லாஹ்விடம் உதவி தேடவும், சோர்ந்துவிடாமல் இருக்கவும் ஏவிய நபி (ஸல்) அவர்கள், "இப்படிச் செய்திருந்தால்" என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் என்று எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

தவறை உணர்ந்து தவ்பா செய்வதற்காகத் திரும்பிப் பார்ப்பது வேறு. மாற்ற முடியாததை நினைத்து வெந்துகொண்டே இருப்பது வேறு. முன்னது, "இனி என்ன செய்வேன்?" என்பதில் போய் முடியும். பின்னது அல்லாஹ்வின் மீதே தவறான எண்ணத்தில் கொண்டுபோய் விடும்.

வீட்டிலும் இப்படித்தான். "என் மனைவி ஏன் இப்படி? என் தம்பி ஏன் இப்படி?" என்று கேட்டால், மனம் அவர்களின் குறைகளையே தேடித் தரும். "நான் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய ஹக் எது?" என்று கேட்டுப் பாருங்கள், நாம் பேசாமல் விட்ட ஸலாம் நினைவுக்கு வரும்.

ஒவ்வோர் ஆத்மாவும் நாளைக்காக எதை முற்படுத்தி வைத்திருக்கிறது என்று பார்க்கட்டும் என ஸூரத்துல் ஹஷ்ரின் 18ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஆயுள், கல்வி, செல்வம், உடல் ஆகியவை பற்றி மஹ்ஷரில் விசாரணை உண்டு என்று திர்மிதியில் வரும் ஹதீஸ் கூறுகிறது. கேள்வித்தாள் முன்பே நம் கையில் தரப்பட்டுவிட்டது, சகோதரர்களே!

இன்றிரவு இஷா தொழுதுவிட்டு, படுக்கும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இன்று எந்த நிஃமத்துக்கு நன்றி சொல்ல மறந்தேன்? யாருடைய உரிமையை வைத்துக்கொண்டிருக்கிறேன்? நாளை ஃபஜ்ருக்குப் பின் எதைச் சரிசெய்வேன்?

அங்கே விசாரிக்கப்படும் முன், இங்கே நம்மை நாமே விசாரித்துக்கொள்ளும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.