200 முறை வாசிக்கும் நடிகர்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் நாம் ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். அடிப்படைத் திறனறித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, கடைசியில் இருக்கும் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, மேலே 'மெல்லக் கற்போர்' என்று தலைப்பிடுகிறோம். பட்டியல் தேவைதான். யாருக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்று தெரியாமல் பயிற்சி அளிக்க முடியாது. ஆனால், ஜூன் மாதத்தில் எழுதிய பெயர் ஏப்ரல் வரை அதே தாளில் இருந்துவிடுகிறது. சில பெயர்கள் அடுத்த வகுப்பாசிரியரின் தாளுக்கும் அப்படியே போய்ச் சேர்கின்றன.

இப்படியொரு பட்டியல் 1950-களில் வேல்ஸ் நாட்டுப் பள்ளி ஒன்றில் எழுதப்பட்டிருந்தால், அதில் நிச்சயம் இடம்பெற்றிருக்கக்கூடிய ஒரு மாணவரைப் பற்றியது இக்கட்டுரை. இருமுறை சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது பெற்ற ஆண்டனி ஹாப்கின்ஸ்தான் அவர். அவருடைய புகழைவிட, அவர் கற்றுக்கொள்ளும் முறையே ஆசிரியர்களாகிய நமக்கு அதிகம் பயன்படும்.

ரொட்டிக் கடைக்காரரின் மகன்

ஹாப்கின்ஸ் 1937 டிசம்பர் 31 அன்று வேல்ஸின் தென்கடற்கரையில் உள்ள போர்ட் டால்பட் நகரை ஒட்டிய மார்கம் என்னும் இடத்தில் பிறந்தார். எஃகு ஆலையால் பெயர்பெற்ற உழைப்பாளர் நகரம் அது. தந்தை ரொட்டி சுட்டு விற்கும் தொழில் செய்தவர். ஹாப்கின்ஸ் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

பள்ளிப் படிப்பு அவருக்குக் கைகூடவில்லை. பாடங்கள் மனத்தில் ஏறவில்லை, விளையாட்டிலும் ஆர்வமில்லை, நண்பர்களும் அதிகமில்லை. ஓவியம் வரைவதும் பியானோ வாசிப்பதும்தான் அவருக்குப் பிடித்தவை. 1949-இல் பெற்றோர் அவரை ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்த்தனர். பிறகு கௌபிரிட்ஜ் இலக்கணப் பள்ளிக்கு மாற்றினர். எங்கும் நிலைமை மாறவில்லை. பள்ளியில் தன்னை மந்தமானவன் என்றே எல்லாரும் நினைத்தார்கள் என்பதையும், தானும் அதை நம்பினேன் என்பதையும் பிற்காலத்தில் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நாம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பகுதியைத்தான். ஆசிரியர் ஒரு மாணவரைப் பற்றி வைத்திருக்கும் கருத்து நாளடைவில் அந்த மாணவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கருத்தாக மாறிவிடுகிறது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதில்லை. யாரிடம் கேள்வி கேட்கிறோம், யாரைத் தாண்டிச் செல்கிறோம் என்பதிலிருந்தே குழந்தைகள் புரிந்துகொள்கிறார்கள்.

கதவு திறந்த இடம்

அவருக்குக் கதவு திறந்தது வகுப்பறையில் அல்ல. 17 வயதில், போர்ட் டால்பட் ஒய்.எம்.சி.ஏ.வில் உள்ளூர்க்காரர்கள் நடத்திய நாடகக் குழுவில் சேர்ந்தார். கிடைத்தது சிறு வேடம். ஆனால், மேடையில் நின்றபோது இது தன்னால் முடியும் என்ற எண்ணம் அவருக்கு முதன்முதலாக வந்தது.

அதே வட்டாரத்தில் பிறந்து புகழ்பெற்ற நடிகரானவர் ரிச்சர்ட் பர்ட்டன். சுரங்கத் தொழிலாளியின் மகன். பதின்வயதில் ஹாப்கின்ஸ் அவரை நேரில் சந்தித்து கையெழுத்து வாங்கியிருக்கிறார். தன் ஊரிலிருந்து ஒருவர் அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார் என்பதைக் கண்ணால் காண்பது ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை நாம் அறிவோம்.

பின்னர் கார்டிஃப் நகரில் உள்ள இசை, நாடகக் கல்லூரியில் சேர்ந்து 1957-இல் படிப்பை முடித்தார். அன்றைய பிரிட்டனில் கட்டாயமாக இருந்த ராணுவப் பணியை இரண்டாண்டுகள் செய்தார். அதன்பின் லண்டனில் உள்ள அரச நாடகக் கலைக் கழகத்தில் பயின்று 1963-இல் வெளிவந்தார். பள்ளியில் எதையும் கற்க முடியாதவர் என்று கருதப்பட்டவர், தனக்கு உகந்த துறை கிடைத்ததும் ஒன்றுக்கு இரண்டு கல்லூரிகளில் முறையாகப் பயின்றார்.

மாற்று நடிகருக்குக் கிடைத்த மேடை

1965-இல் பிரிட்டனின் தலைசிறந்த நாடக நடிகரான லாரன்ஸ் ஒலிவியர் இவரது திறமையைக் கண்டு, தாம் தலைமையேற்றிருந்த தேசிய நாடக அரங்கில் சேர்த்துக்கொண்டார். அங்கே ஹாப்கின்ஸுக்கு முதலில் சிறிய வேடங்களே கிடைத்தன. அத்துடன் ஒலிவியருக்கு மாற்று நடிகராகவும் இருந்தார். முதன்மை நடிகருக்கு உடல்நலம் குன்றினால் அவருக்குப் பதிலாக மேடையேறுவதற்காக, முழு வேடத்தையும் பயின்று காத்திருப்பவரே மாற்று நடிகர். பெரும்பாலும் அந்த வாய்ப்பு வருவதே இல்லை.

1967-இல் வந்தது. ஸ்வீடன் நாட்டு நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் எழுதிய 'மரண நடனம்' நாடகம் நடந்துகொண்டிருந்தபோது ஒலிவியர் குடல்வால் அழற்சியால் பாதிக்கப்பட்டார். அறுபது வயது நடிகர் ஏற்றிருந்த வேடத்தில் முப்பது வயதுகூட நிரம்பாத ஹாப்கின்ஸ் மேடையேறினார். பார்வையாளர்களைக் கட்டிப்போட்டார். ஒலிவியர் தம் தன்வரலாற்றில் இதைப் பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டே 'தி லயன் இன் விண்டர்' திரைப்படத்தில் இளவரசர் ரிச்சர்டாக நடித்து திரையுலகிலும் கவனம் பெற்றார்.

அவருடைய வாழ்க்கை அதன்பின் நேர்க்கோட்டில் செல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1973-இல் 'மேக்பெத்' நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே பாதியில் விலகித் தேசிய அரங்கைவிட்டு வெளியேறினார். குடிப்பழக்கம் அவரை வாட்டியது. 1975 டிசம்பர் இறுதியில், பிறர் உதவியை நாடி, குடியை முற்றிலும் விட்டார். வெளியேறிய அதே அரங்குக்கு 1980-களில் திரும்பிவந்து 'பிராவ்தா', 'கிங் லியர்', 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்' ஆகிய நாடகங்களில் முதன்மை வேடம் ஏற்றார்.

200 முறை

இனி அவருடைய கற்கும் முறைக்கு வருவோம். ஒரு நாடகமோ திரைக்கதையோ கைக்கு வந்ததும் ஹாப்கின்ஸ் அதை வாசிக்கத் தொடங்குகிறார். மீண்டும் மீண்டும், பெரும்பாலும் வாய்விட்டு வாசிக்கிறார். ஒருமுறை வாசித்து முடித்ததும் தாளில் ஓர் அடையாளம் இடுகிறார். சில வேளைகளில் 200 முறைக்கும் மேல் வாசிப்பதாக அவரே கூறியிருக்கிறார். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1997-இல் வெளிவந்த 'அமிஸ்டாட்' படத்தில், ஏழு பக்க நீதிமன்ற உரையை ஒரே மூச்சில், ஒரே காட்சிப்பதிவில் நடித்துக் கொடுத்து அவர் படக்குழுவினரை வியக்கவைத்தார்.

இது மனப்பாடம்தானே என்று நமக்குத் தோன்றலாம். மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்று நாம் சற்று முகம் சுளிக்கிறோம். ஆனால், ஹாப்கின்ஸ் செய்வதற்கும், வினா விடையைப் பொருள் தெரியாமல் ஒப்பிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒப்பிப்பவருக்குச் சொற்கள் மறந்துவிடுமோ என்ற அச்சம் கடைசி வரை இருக்கிறது. ஹாப்கின்ஸ் அந்த அச்சம் முழுவதுமாக நீங்கும் வரை வாசிக்கிறார். சொற்கள் தாமாக வரத் தொடங்கியதும் அவருடைய கவனம் விடுதலை பெறுகிறது. எதிரே நிற்கும் நடிகர் சொல்வதைக் கேட்கவும், அதற்கு ஏற்பக் குரலை மாற்றவும், எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யவும் முடிகிறது.

வாசிக்கத் தடுமாறும் குழந்தையின் நிலையும் இதுதான். எழுத்துகளைக் கூட்டுவதிலேயே முழுக் கவனமும் செலவாகிவிட்டால், பொருளைப் புரிந்துகொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் 'மீள்வாசிப்பு' என்னும் முறையை விளக்கி எழுதினார். சிறு பத்தி ஒன்றைத் தடையின்றி வாசிக்கும் வரை திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்து, பிறகே அடுத்த பத்திக்குச் செல்வது அம்முறை. அடுத்தடுத்த பத்திகளுக்குத் தேவைப்படும் முறைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததை அவர் கண்டார். பெரிய நடிகர் ஒருவர் தானாகக் கண்டுகொண்ட வழியும் கல்வி ஆய்வாளர் காட்டிய வழியும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

அமைதியானவரின் உள்ளம்

'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படம் 1991-இல் வந்தது. ஹாப்கின்ஸ் அதில் திரையில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. ஆயினும் அந்த நடிப்பே அவருக்கு முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. அந்தப் படம் மாணவர்களுக்கு உரியதன்று. அவருடைய நடிப்பின் நுட்பத்தை ஆசிரியர்கள் அறிய 1993-இல் வந்த 'தி ரிமைன்ஸ் ஆஃப் த டே' போதும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவின் நாவலைத் தழுவிய படம் அது.

பெரிய மாளிகை ஒன்றின் தலைமைப் பணியாளர் ஸ்டீவன்ஸாக ஹாப்கின்ஸ் நடித்திருப்பார். எதையும் வெளிக்காட்டாத மனிதர். ஒரு காட்சியில் அவர் தனியே அமர்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறார். உடன் பணிபுரியும் பெண் வந்து, என்ன புத்தகம் என்று கேட்கிறார். அவர் காட்ட மறுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். அந்தப் பெண் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறார். சாதாரணக் காதல் கதை. அந்த நேரத்தில் ஹாப்கின்ஸ் ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை. ஆனால், வாழ்நாள் முழுதும் பூட்டிவைத்த மனம் அவர் கண்களில் தெரிகிறது.

வகுப்பின் கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் முடிவு செய்யும் முன், இந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

83 வயதில்

1993-இல் பிரிட்டிஷ் அரசி அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். 2020-இல் வெளிவந்த 'தி ஃபாதர்' படத்தில் மறதி நோயால் தன்னையே இழந்துகொண்டிருக்கும் முதியவராக நடித்தார். பாத்திரத்தின் பெயரும் ஆண்டனி. பிறந்த தேதியும் அவருடையதே. ஆயிரக்கணக்கான வரிகளை நினைவில் வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், நினைவு கரைந்துபோகும் மனிதராக நடித்தார். முதியோர் இல்லத்தில் தன் அம்மா வேண்டும் என்று குழந்தைபோல் அவர் அழும் இறுதிக்காட்சியை எளிதில் மறக்க முடியாது.

அந்த நடிப்புக்காக 2021-இல், 83 வயதில், இரண்டாவது ஆஸ்கர் பெற்றார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பெற்றவர்களில் மிக மூத்தவர் அவரே. விழா அரங்கில் அவர் இல்லை; வேல்ஸில் இருந்தார். மறுநாள் வெளியிட்ட சிறு காணொளியில், அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, அதற்கு முன்பே காலமான இளம் நடிகர் சாட்விக் போஸ்மேனுக்கு மரியாதை செலுத்தினார்.

வகுப்பறைக்கு

இந்த வரலாற்றிலிருந்து நான் என் வகுப்பில் முயன்று பார்த்தவை மூன்று.

ஒன்று: பத்து வரிக்கு மேற்படாத உரையாடல் பகுதியைத் தேர்ந்து, ஒரு வாரம் நாள்தோறும் வாய்விட்டு வாசிக்கச் செய்தல். ஒவ்வொரு முறையும் மாணவரே ஓரத்தில் ஒரு கோடு இட வேண்டும். எத்தனை முறை வாசித்தோம் என்பதைத் தாமே எண்ணுவது அவர்களுக்குப் பிடிக்கிறது.

இரண்டு: அதே வரியைக் கோபமாக, தயக்கமாக, மகிழ்ச்சியாக வாசிக்கச் செய்தல். வாசிக்கும் முறை மாறுவதால் சலிப்பு வருவதில்லை, பொருளும் புரிகிறது.

மூன்று: வகுப்பு நாடகத்தில் ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு மாற்று நடிகரை வைத்தல். அந்த இடத்தை மெல்லக் கற்போருக்குத் தருதல். யாராவது விடுப்பில் இருப்பது நம் வகுப்புகளில் அரிதல்லவே!

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான் எழுதிய பட்டியலில் இருந்தாள். ஒரே பத்தியை 30 முறைக்கு மேல் வாசித்து கோடிட்டிருந்தாள். ஆண்டுத் தேர்வில் அவள் மதிப்பெண் பெரிதாக உயரவில்லை. ஆனால், பிப்ரவரியில் ஒருநாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாளை யார் செய்தி வாசிப்பது என்று கேட்டபோது கை தூக்கினாள். மறுநாள் வாசித்தாள். இரண்டு இடத்தில் நின்றாள். தானே மீண்டும் தொடங்கினாள். அதுவரை அவளிடம் நான் ஒருமுறைகூட அந்த வாய்ப்பை நீட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஹாப்கின்ஸின் கதையைச் சொல்லி, மெல்லக் கற்கும் ஒவ்வொருவரும் நாளை உலகப் புகழ் பெறுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது உண்மையாகாது. போர்ட் டால்பட்டில் அவரோடு படித்த பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. நாம் செய்யக்கூடியது சிறியது. பட்டியல் ஒரு நாளின் அளவீடு என்பதை மறவாதிருப்பதும், போதுமான முறை வாசிக்க அவகாசம் தருவதும், வாசித்ததைச் சொல்ல ஒரு மேடை தருவதுமே அது. ஒருவருக்கு இரண்டு முறை போதும். இன்னொருவருக்கு 200 முறை வேண்டும். பாடத்தைக் கற்றுவிட்ட பிறகு, எத்தனை முறை என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஆண்டும் பட்டியல் எழுதுவேன். பெயர்களைப் பேனாவால் அல்ல, பென்சிலால் எழுதுவேன்.