கம்புக் கலையும் வெளியிலிருந்து வந்த மாணாக்கரும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஒரு மூங்கில் கம்பை ஒருவர் கையில் கொடுத்தால் அதை ஊன்றிக்கொண்டு நடப்பார். மற்றொருவர் அதைக் கொண்டு மாடு ஓட்டுவார். முறையாகக் கற்றவரோ தம்மை நோக்கி வரும் வாளையே அதனால் தடுத்து நிறுத்துவார். கம்பு ஒன்றுதான், கல்விதான் வேறு. அக்கல்வியைப் பெற உரிமை உடையவர் யார்? அந்த ஊரில், அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் மட்டுமா? அல்லது உண்மையான ஆர்வத்தோடு வாசலில் வந்து நிற்கும் எவருமா? இதை இக்கட்டுரையில் சற்றுச் சிந்திப்போம்.

நமது சிலம்பம்

தமிழகத்தின் கம்புக் கலை சிலம்பம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். கற்பவரின் நெற்றி அளவு உயரமுள்ள மூங்கில் கம்பே பெரும்பாலும் இதற்குக் கருவி. 'சலாம் வரிசை' என்னும் வணக்கத்தோடு ஆட்டம் தொடங்குகிறது. அடுத்தது காலடி. காலடி பிசகினால் கை வீச்சு எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. அலங்காரமாகச் சுழற்றுவது ஒரு வகை. எதிராளியோடு நின்று ஆடுவது மற்றொரு வகை. கண், கால், கை மூன்றும் ஒன்றுபட்டால்தான் இரண்டும் கைகூடும்.

ஜப்பானியக் கோல்

ஜப்பானிலும் இதுபோன்ற ஒரு கலை உண்டு. அங்கே 'ஜோ' எனப்படும் கோல் ஓக் மரத்தால் ஆனது; சுமார் 128 செ.மீ. நீளம், 2.4 செ.மீ. பருமன். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த முசோ கொன்னொசுகே என்னும் வீரர் இக்கலையைத் தோற்றுவித்தார். மியாமோடோ முசாஷி என்ற புகழ்பெற்ற வாள்வீரரிடம் தோற்ற பின்னரே அவர் இக்கோலை அமைத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. 'ஷிந்தோ முசோ ரியூ' என்ற இம்மரபு, ஃபுகுவோகா பகுதியில் பல தலைமுறைகளாகக் காக்கப்பட்டு வந்தது.

அம்மரபின் ஆசான் ஷிமிசு தகாஜி (1896-1978) டோக்கியோ காவல்துறையினருக்குக் கோல் வித்தை கற்பித்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், டான் டிரேகர் (1922-1982) என்ற அமெரிக்கர் இவரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். டிரேகர் அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாக இருந்தவர். அவர் நாடு ஜப்பானைப் போரில் வென்ற நாடு. தோற்ற நாட்டின் ஆசான், வென்ற நாட்டின் படைவீரரை மாணாக்கராக ஏற்றார்! அவருக்குப் பின் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாஸ்கல் கிரீகரும் ஷிமிசுவிடம் பயின்று, தம் நாடு திரும்பி ஜெனீவாவில் பலருக்குக் கற்பித்தார்.

இக்கலையில் நம் மனத்தைக் கவர்வது அதன் பயிற்சி முறை. இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவர் கையில் மரவாள், மற்றவர் கையில் கோல். வாளைப் பிடிப்பவர் ஆசான் அல்லது மூத்த மாணாக்கர். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வெல்வது கோல்தான். அதாவது, இளையவர் கற்க வேண்டும் என்பதற்காக மூத்தவர் நாள்தோறும் தோற்கிறார். கற்பிப்பதன் பெருமையை இதைவிட அழகாகக் கூற முடியுமா?

பக்கத்து மாநிலத்தில்

இத்தகைய நிகழ்ச்சி நமக்கு அண்மையில் கேரளத்திலும் நடந்தது. அங்கே களரிப்பயிற்றில் முதலில் உடற்பயிற்சி. அது முதிர்ந்த பின்னரே 'கோல்தாரி' என்னும் கம்புப் பயிற்சி. அதன் பிறகே வாளும் கேடயமும். பிலிப் சாரில்லி (1947-2020) என்ற அமெரிக்க நாடகக் கலைஞர் 1976இல் கேரளம் வந்தார். திருவனந்தபுரம் சி.வி.என். களரியில் கோவிந்தன்குட்டி நாயர் குருக்களிடம் பயின்றார். களரிக்குள் வலது காலை முதலில் வைத்து, தரையைத் தொட்டு வணங்குவது முதல் எல்லாவற்றையும் ஒரு குழந்தையைப்போலத் தொடக்கத்திலிருந்து கற்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1988இல், ஆசானுக்குரிய பீடத்தைக் குருக்கள் அவருக்கு வழங்கினார். பின்னர் அவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு களரியையே அமைத்தார்.

வெளிநாட்டாருக்கு மட்டும் அல்ல, பெண்களுக்கும் அக்கதவு எளிதில் திறக்கவில்லை. சிறுமியர் பயின்றாலும், பருவம் எய்தியதும் நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிக்குச் சென்றார். தந்தையின் ஊக்கத்தால் இடையில் நிறுத்தவில்லை. பின்னாளில் அவரே ஆசானாகி ஆண், பெண் இருபாலாருக்கும் கற்பித்தார். 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அன்று அத்தந்தை "போதும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், எத்தனை மாணாக்கர் ஓர் ஆசானை இழந்திருப்பர்!

நமக்கு என்ன பாடம்?

திருப்பூரில் வாழும் நமக்கு இது புதிதன்று. பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேருபவர், டெய்லரின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மொழி தெரியாமல் வந்தவர்களும் அவ்வாறே தேர்ச்சி பெற்றுள்ளனர். கற்பவர் எந்த ஊர் என்று தையல் இயந்திரம் கேட்பதில்லை. கம்பும் கேட்பதில்லை.

ஆனால் "பெண்பிள்ளைக்குக் கம்பு எதற்கு?" என்ற கேள்வியை நம்மில் பலர் வீட்டில் கேட்டிருக்கிறோம். அன்புள்ள பெற்றோரே, தாங்கள் எங்கள் நலம் கருதியே அவ்வாறு கேட்கிறீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். தெருவில் கம்போடு நடக்க நாங்கள் விரும்பவில்லை. மாலையில் டியூஷன் முடிந்து வரும்போது எங்களோடு வர வேண்டியது கம்பு அன்று. அதைப் பிடித்துப் பழகிய நெஞ்சுரமும், சுற்றிலும் பார்க்கும் கண்ணும், பதறாத காலும்தான்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆகவே, இதை ஊர்த் திருவிழாவோடு நின்றுவிடும் வேடிக்கை என்று இனி ஒதுக்க இயலாது. கடல் கடந்து வந்தவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து இத்தகைய கலைகளைக் கற்றனர். நம் கலையோ நம் தெருக்கோடியில் இருக்கிறது. வாரம் ஒரு விளையாட்டு வேளையை இதற்கு ஒதுக்கித் தருமாறு எங்கள் அருட்சகோதரியரையும், இசைவு தருமாறு பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறோம்.

மாணவியரே! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அன்றோ? முதலில் காலடி பழகுவோம். பிறகு கம்பு பிடிப்போம். நாம் கற்றதை நமக்குப் பின் வரும் தங்கையர்க்கு, அவர்கள் நம்மை வெல்லும் அளவுக்குக் கற்றுக்கொடுப்போம்!