பேட்டுக் குஞ்சின் நிறம்

தொல்காப்பிய மரபியல் பறவையின் ஆணைச் சேவல் என்றும், பெண்ணைப் பேடை, பெட்டை என்றும் பிரித்துரைக்கும். இளமைக்கோ பார்ப்பு, பிள்ளை என்னும் பொதுப்பெயர்களையே வகுக்கும். அன்று பொரித்த கோழிக் குஞ்சைக் கையிலேந்திப் பார்ப்பவர்க்கு இப்பொதுமையின் பொருத்தம் புலப்படும். ஆணோ பெண்ணோ என்று தோற்றத்தாற் கூறல் அரிது.

ஹெவ்லொக் டவுனிற் சில பேர்ச் நிலத்தில் வீடு கொண்டு, முட்டைக்கெனப் பத்துக் குஞ்சு வாங்குவோர்க்கு இது சிறு பொருளன்று. ஏறக்குறையப் பாதி சேவலாய் முடியும். தீனிச் செலவும் வீண். விடியுமுன் அவை கூவத் தொடங்கின், அயலவர் முகமும் கடுக்கும்.

மெண்டலின் விதி விலங்குகட்கும் பொருந்தும் என்பதை 1902இல் பேற்சன் கோழிகளைக் கொண்டே காட்டினார். அவருடன் ஆராய்ந்த கேம்பிறிட்ஜ் அறிஞர் பன்னற், முதலாம் உலகப் போரில் தீனி அருகிய காலத்து, நிறத்தாற் சேவற் குஞ்சை முதல் நாளே பிரித்தறியலாம் என்று வழிகாட்டினார்.

அஃது எங்ஙனம்? சேவலுக்கு இசட் நிறமூர்த்தம் இரண்டு, பேட்டுக்கு ஒன்றே. அவ்வொன்றைப் பேடு தன் ஆண்குஞ்சுக்கே வழங்கும். பெண்குஞ்சு தன் இசட்டைத் தந்தையிடமிருந்தே பெறும். இறகின் வெள்ளி நிறத்தையும் பொன்னிறத்தையும் ஆளும் பரம்பரையலகு இந்நிறமூர்த்தத்தில் உளது. வெள்ளி ஆட்சியுடையது; பொன் பின்னிடைவானது. ஆகவே, பொன்வழியினதாகிய றோட் ஐலண்ட் றெட் சேவலையும் வெள்ளிவழியினதாகிய லைற் சசெக்ஸ் பேட்டையும் சேர்த்தால், ஆண்குஞ்சு தாயின் வெள்ளியைப் பெற்று வெளிறிய மஞ்சளாய்ப் பொரிக்கும். பெண்குஞ்சு தந்தையின் பொன்னைப் பெற்றுச் செம்பழுப்பாய்ப் பொரிக்கும். 'தாயைப் போலப் பிள்ளை' என்னும் நம் பழமொழி இம்மகளிடம் தோற்றுவிடுகிறது!

மாணவர் ஒன்றை உன்னிப்பாய் நோக்குக. இதனை மாற்றித் தூய வெள்ளிச் சேவலுக்குப் பொற்பேட்டைச் சேர்த்தால், குஞ்சுகள் யாவும் வெள்ளியாகும், அடையாளம் இல்லை. வெண்மை யாவும் வெள்ளியுமன்று. வைற் லெகோணின் வெண்மை வேறோர் அலகினால் வருவது. அது பிற நிறங்களை மூடி மறைக்கும். அதனைத் தாயாக்கிப் பயனில்லை.

இன்று பழுப்பு முட்டையிடும் கலப்பினங்கள் பலவும் இவ்வாறே முதல் நாளிற் பிரிக்கப்படுகின்றன. பொரிப்பகங்கள் பலவற்றில் வெளிறிய குஞ்சுகள் அன்றே மடிகின்றன என்பதும் மறைக்கத் தக்கதன்று.

கலப்பிற் பிறந்தவற்றையே தம்முட் சேர்த்து இனம் பெருக்க எண்ணுவார் ஏமாறுவர். அடுத்த தலைமுறையில் ஆணிலும் பெண்ணிலும் பாதி வெள்ளி, பாதி பொன். ஆதலின் குஞ்சு வாங்கச் செல்வோர் அதன் நிறத்தைப் பார்க்குமுன், தந்தை எவ்வினம், தாய் எவ்வினம் என்று விற்பவரைக் கேட்டறிக.